முப்பத்தொன்றாவது பெயர்

என் பெரியப்பா வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. முதல் பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு. அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, பத்தொன்பது. கடைக்குட்டியான என் அப்பாவுக்கு எட்டு. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அன்று அந்நேரத்தில் விழித்திருந்தவர்கள் போகிறவரும், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த அத்தையும் மட்டும்தான்.

தாத்தாவுக்குத் தராசு பழுதுபார்க்கும் கடை. முந்தின நாள் ஒரு கறிக்கடைக்காரரின் தராசைப் பெரியப்பா சரிபார்த்துக் கொடுத்திருந்தார். முள் நடுவில் நிற்கவில்லை என்று கடைக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாலு பேர் பார்க்கத் தாத்தா மகனைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்துவிட்டு, முள்ளைத் தானே சரிசெய்து கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான்.

இரண்டு நாளாக மழை விடவில்லை. பஸ் நிலையத்தில் இருவரும் ஒரே குடையில் நின்றார்கள்.

"அப்பா கேட்டா என்னண்ணா சொல்றது?"

"அவர் எங்க கேக்கப்போறாரு? சாயங்காலம் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பாரு. அதுக்குள்ள நான் எங்கயோ போயிருப்பேன்."

"அம்மா கேப்பாங்களே."

"ஒரு இடத்துல போய் உக்காந்ததும் எழுதுறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. உனக்கு ஓட்டை வாய்."

"குடையை எடுத்துட்டுப் போ."

"நீ எப்படிடி வீட்டுக்குப் போவ? பேசாம இரு, கழுதை."

நீலச் சட்டை, மடியில் பெட்டி, ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல். அத்தை இதை எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே மூன்றாவது ஜன்னல்தான்.

அன்று மதியம் மூன்று மணிக்கு, ஆற்றின் மேற்புறத்தில் இருந்த ஏரி உடைந்தது.

காலையில் போன அதே பஸ்தான் அப்போது திரும்பி வந்தது. ஆற்றுப்பாலத்தின் அக்கரையிலேயே ஓட்டுநர் பயணிகளை இறக்கி முன்னால் நடக்கவிட்டு, பின்னால் வெறும் பஸ்ஸை மெதுவாக ஓட்டிவந்தார். பாலம் நடுவில் போயிற்று. நடந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஓட்டுநரும் நடத்துநரும்கூட. கரையோரத் தெருக்களையும் சேர்த்து முப்பத்தொரு பேர் என்று பின்னால் கணக்கானது. பதினோரு உடல்கள் கிடைக்கவே இல்லை.

ஊர்ப்பக்கக் கரையில் நின்று பார்த்தவர்கள் இருவர்: சலூன்காரரும் பால்காரரும். நீலச் சட்டை போட்ட ஒருவன் பாலத்தில் இருந்தான், தராசுக்கடைப் பையன்தான் என்று இருவருமே சொன்னார்கள். வீட்டில் ஆள் இல்லை. உடல் இல்லை. தாத்தா நம்பிவிட்டார். தான் அறைந்ததால்தான் அவன் ஆற்றுப்பக்கம் போய் நின்றான் என்று பள்ளிக்கூட மாடியில், எல்லோரும் தங்கியிருந்த இடத்தில், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதார்.

நாலாம் நாள் அத்தை வாயைத் திறந்தாள். அண்ணன் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டான், நான்தான் ஏற்றிவிட்டேன் என்றாள். தாத்தா அவள் தலையைத் தடவி, "பாவம், பயந்துபோயிருக்கா" என்றார். மருத்துவர் வந்து தூக்க மாத்திரை கொடுத்தார். அவள் சொல்வது உண்மை என்று சொல்லக்கூடிய நடத்துநர் ஆற்றோடு போயிருந்தார். மிச்சமிருந்தது வரவேண்டிய கடிதம் ஒன்றுதான். அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். கடிதம் வரவில்லை.

எங்கள் வட்டார வரலாற்றுக் கழகம் அந்த வெள்ளத்தால் உண்டானது. பழைய தபால் நிலையத்தின் மாடியில் இரண்டு அறைகள். கீழே சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. கண்ணாடி அலமாரிகள், மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வாங்கியவை. மழைக்காலத்தில் கதவைத் திறந்தால் இப்போதும் லேசாக ரொட்டி வாசனை வரும். தொடங்கியவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அளவுச் சங்கிலியைக் கடைசிவரை வீட்டில் வைத்திருந்ததால் ஊருக்கு அவர் சங்கிலி சார். எல்லைக் கல் நடும்போது இரண்டு பக்கத்து ஆளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பழக்கத்தில், கழகத்துக்கும் ஒரு விதி வைத்தார். பழைய படத்தில் இருக்கும் முகமோ, பட்டியலில் சேர்க்க வேண்டிய பெயரோ, எதுவானாலும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு பேர் சொல்ல வேண்டும். அப்போதுதான் அட்டையில் ஏறும். திருத்துவதற்கும் அதே விதி. ஒருவர் மட்டும் சொன்னதைச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, 'ஒரு வாய்' என்று பெயரிட்ட கோப்பில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது வாய் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

வெள்ளத்தின் இரண்டாம் ஆண்டு முதல் கண்காட்சி. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்த அத்தையின் கையெழுத்தைச் சான்றிதழ்களில் பார்த்துவிட்டு, இறந்தவர்கள் பலகையை எழுத சங்கிலி சார் அவளைக் கூப்பிட்டார். முப்பது பெயர் வரை எழுதினாள். முப்பத்தொன்றில் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"சார், இதை நான் எழுத முடியாது. எங்கண்ணன் காலையிலேயே போயிட்டார்."

"நீ சொல்றது பொய்னு நான் சொல்லலம்மா. ஆனா ஒரு வாய்தானே. அந்தப் பக்கம் ரெண்டு வாய் இருக்கே."

"அவங்க பார்த்தது வேற யாரையாவது இருக்கலாம் சார்."

"இருக்கலாம். போனவன் மனசு மாறி, அதே பஸ்ஸுல திரும்பி வந்திருக்கவும் செய்யலாம். இருக்கலாம்கிறதையெல்லாம் பலகையில எழுத முடியாதும்மா."

திரும்பி வந்திருக்கலாம் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. பிறகு ஒரு சீட்டு கேட்டு வாங்கி, 'எண் 31 அன்று காலை 5.40 பஸ்ஸில் வெளியூர் சென்றார். ஏற்றிவிட்டது நான்' என்று எழுதித் தேதி போட்டு, கோப்பில் வைக்கக் கொடுத்தாள். அதன் பிறகு தூரிகையை எடுத்து முப்பத்தொன்றாவது பெயரை எழுதினாள்.

"கை நடுங்கலையா அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நடுங்கியிருந்தா முப்பதையும் முதல்லேர்ந்து எழுதணும்டி."

திறப்பு நாளன்று ஒரு நாளிதழிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். மறுநாள் நாலு பத்தி அகலத்தில் வந்தது. பலகை தெளிவாக வந்திருந்தது. பக்கத்தில் நின்ற கழகத்தார் எல்லோருக்கும் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. சங்கிலி சார் அதற்காக ஒரு மாதம் அந்தப் பத்திரிகையை வாங்கவில்லை.

அதற்கப்புறம் அத்தையின் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பள்ளி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடங்கள். சாயங்காலங்களில் கழகம். இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயின. தாத்தா மேட்டுத் தெருவுக்கு வீடு மாறலாம் என்றபோது அவள் ஒருத்திதான் கூடாது என்றாள். காரணம் கேட்டதற்குக் காற்று வராது என்றாள். தெருவைப் பார்த்த முன்னறையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு அந்த ஜன்னல் திறந்திருக்கும். எதற்காக என்று அவளும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

நான் ஏழு வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடி கிளம்புவதாக நினைப்பு. அத்தை என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எல்லா ஊருக்கும் போனியா?"

"முக்கால்வாசி."

"எங்கயாவது..." என்று தொடங்கியவள், "சரி, குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.

சும்மா கிடக்காதே என்று என்னைக் கழகத்துக்கு இழுத்துப்போனாள். கழகத்தில் மாதம் ஒரு சொற்பொழிவு உண்டு. நாற்பது நாற்காலி போடுவோம், பதினோரு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் மின்விசிறிக்காகவே வருபவர். தலைப்பு எதுவானாலும் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து தூங்குவார். கைதட்டும்போது விழித்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவார். நான் வந்த மாதம் பேசியவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். தலைப்பு, வட்டாரப் பஸ் தடங்கள். முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்றார். அத்தை எழுந்தாள்.

"வெள்ளத்தன்னைக்கு ஐந்து நாற்பது வண்டி கிளம்பின கணக்கு உங்ககிட்ட இருக்கா?"

அவர் ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி சட்டென்று எடுத்தார். நிலையத்திலிருந்து கிளம்பும்போது பன்னிரண்டு பயணிகள். திரும்பி வந்த நடையின் கணக்கு நடத்துநர் பையோடு ஆற்றில் போயிற்று.

"பன்னிரண்டு பேர்ல அவர் ஒருத்தர்" என்றாள் அத்தை, வீட்டுக்கு நடக்கும்போது.

"அப்போ இது ரெண்டாவது வாய்னு வெச்சுக்கலாமே அத்தை."

"சங்கிலி சார் இருந்திருந்தா, காகிதம் பேர் சொல்லலையேம்மான்னு கேட்டிருப்பார்." அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அப்போது தலைவர் என்று பெயருக்கு ஒருவர் இருந்தார். சாவி அத்தையிடம்தான். நினைத்திருந்தால் பலகையை ஒரு மதியத்தில் மாற்றியிருக்கலாம். எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன்.

"மாத்தி?" என்றாள். "அவர் போயிட்டார்னு போட்டா, நாற்பத்து நாலு வருஷமா ஏன் எழுதலைன்னு ஒருத்தர் கேப்பாங்க. நானே கேப்பேன். திரும்பி வந்துக்கிட்டிருந்தார்னா அந்தக் கேள்வியே இல்லை பாரு."

அன்றுதான் அவளுக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அண்ணன் இருக்கிறானா என்பது அல்ல. அவன் திரும்பி வந்துகொண்டிருந்தானா என்பது.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. "செத்தவனை எத்தனை தடவை பஸ் ஏத்துவீங்க?" என்று தட்டை நகர்த்துவார். "எனக்கு அவர் மூஞ்சிகூட ஞாபகமில்லை. வீட்டுல மாட்டியிருக்கிற போட்டோவை வெச்சுத்தான் ஞாபகம்."

வெள்ள நாளன்று ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம். அத்தை முப்பத்தொரு பெயரையும் வாசிப்பாள். ஓட்டுநர் நான்காவது, நடத்துநர் ஐந்தாவது. வாசித்து முடித்ததும் சலூன்காரர் எழுந்து தான் பார்த்ததைச் சொல்வார். பால்காரர் எப்போதோ காலமாகிவிட்டதால் கதை முழுக்க இவருடையதாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு பிடி வளரும். நான் கேட்ட வருடம் நீலச் சட்டைக்காரன் கையையும் ஆட்டினான்.

"போன வருஷம் கை ஆட்டலையேப்பா" என்றார் விசிறிக்காரர், விழித்துக்கொண்டு.

"நீ எங்கய்யா முழிச்சிருந்த போன வருஷம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் கேட்கும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எந்தப் பக்கம் பார்த்து நடந்தார்?"

"ஊரைப் பார்த்துத்தாம்மா. நம்ம பக்கமாத்தான் வந்தான்."

அத்தை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பதிலுக்குத்தான் அத்தனை நாற்காலிகளும் போடப்பட்டிருந்தன என்று எனக்குத் தோன்றியது.

நாலைந்து மாதம் கழித்து முடி வெட்டிக்கொள்ளும் அப்பாவுக்குத் துணையாகச் சலூனுக்குப் போயிருந்தேன். கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சும்மாதான் கேட்டேன், அவ்வளவு மழையில் முகம் எப்படித் தெரிந்தது என்று.

"முகம் எங்க தெரிஞ்சுது? தலையில துண்டு போட்டிருந்தான்."

"அப்போ ஊரைப் பார்த்து வந்தார்னு சொல்றீங்களே."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத வருஷம் உங்க அத்தை என்னைக் கேட்டுச்சு பாரு, அந்தப் பொண்ணு நின்ன நிலையில எனக்கு வேற சொல்லத் தோணலை. அப்புறம் மாத்திச் சொல்ல முடியுமா? சொன்னது சொன்னதுதான்." "நீ போய் எதையும் கிளறாத தாயி" என்றார்.

நான் கிளறவில்லை. அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு முன்பே அவர் இறந்துபோனார். அந்த வருடம் பெயர்களை வாசித்து முடித்ததும் எழுந்து கதை சொல்ல யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லாததால் அத்தை கேள்வியைக் கேட்கவில்லை. வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பலகைக்கு உறை போட்டாள்.

ஒரு மாதத்துக்கு என்று வந்தவள் இரண்டு வருடம் இருந்துவிட்டேன். கிளம்ப வேண்டும் என்று பையை எடுப்பேன், கழகத்தில் ஏதாவது பாதியில் நிற்கும். இடையில் எல்லாப் படங்களையும் அட்டைகளையும் படமெடுத்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். தாத்தாவின் தராசு மூன்றாம் அலமாரியில் இருக்கிறது, அதையும் போட்டேன். பலகையைப் போட்டேன். கீழே வரிசையாக முப்பத்தொரு பேரின் புகைப்படங்கள். திருத்தம் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணையும், இரண்டு வாய் விதியையும் போட்டேன். விதியைப் போடாமல் விட அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"யாரு பார்க்கப்போறா இதை?"

"யாராவது பார்ப்பாங்க அத்தை."

"பார்த்துட்டு விசிறி இருக்கான்னு கேப்பாங்க" என்றாள்.

முதல் வருடம் வந்தவை எல்லாம் சில்லறைத் திருத்தங்கள். பேக்கரி முதலாளியின் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து தப்பு என்று அவர் பேரன் எழுதினார். மற்றபடி ஒன்றுமில்லை.

பக்கம் தொடங்கி ஒரு வருடமும் சில மாதங்களும் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, கழகத் தொலைபேசியில் தெரியாத எண்ணிலிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. அத்தை அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், இன்னொரு தரம் வாசி என்றாள். இரண்டாம் தரம் பாதியில் துணியை மடித்து வைத்துவிட்டு இரும்பு அலமாரியைத் திறந்து 'ஒரு வாய்' கோப்பை எடுத்தாள். அடியிலிருந்து மூன்றாவது சீட்டு. நாற்பது வருடத்துக்கும் மேலான மை பழுப்பாகியிருந்தது. அதை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே துளைபோடும் கருவியை வைத்தாள். அழவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ஊரைப் பார்த்து வரலை" என்றாள்.

"இல்லை அத்தை."

"பேனா எங்கடி?"

பேனாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். நான் முதலிலிருந்தே வாசித்தேன்.

'வணக்கம். உங்கள் பக்கத்தில் வெள்ளத்தில் இறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன். அதில் முப்பத்தொன்றாவதாக இருப்பவர் என் அப்பா. படமும் அவர்தான், எங்கள் வீட்டில் அதே முகம் கொஞ்சம் வயதாகி இருக்கிறது. அவர் வெள்ளத்தில் இறக்கவில்லை. போன மாதம் ஒன்பதாம் தேதி, இங்கே வீட்டில், தூக்கத்தில் இறந்தார். தராசு பழுதுபார்க்கும் வேலைதான் செய்தார்.

அவருடைய கண்ணாடிக் கூட்டில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. உங்கள் பலகையின் படம். சின்ன வயதில் ஒருமுறை அது என்ன என்று கேட்டேன். என் தங்கச்சி கையெழுத்து என்றார். "வேலை கிடைக்கட்டும், அப்புறம் எழுதலாம்னு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதலாம்னு உட்கார்ந்த வாரம் பேப்பர்ல இது வந்துச்சு. என்னை ஏத்திவிட்டவளே செத்துட்டேன்னு எழுதி வெச்சிருக்கா. அவ்வளவு கோவம்போலிருக்கு, இனிமே வராதேங்கிறான்னு விட்டுட்டேன்" என்றார். வேறு எதுவும் சொன்னதில்லை.

எனக்கு எதுவும் வேண்டாம். பலகையில் தேதியை மட்டும் சரியாகப் போட்டால் போதும். திருத்த வேண்டுமென்றால் இரண்டு பேர் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒருத்தி. அவர் தங்கை அங்கே இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்ப்பீர்களா?'